பதினேழு சென்டிமீட்டர் போதும்

சின்ன வீட்டில் புத்தகம் பெருகத் தொடங்கினால் எல்லோரும் காலிச் சுவரைத்தான் தேடுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது அலமாரியின் ஆழம். ஆயத்த அலமாரிகள் பெரும்பாலும் 30 செ.மீ. ஆழத்தில் வருகின்றன. அச்சகத்தார் டெமி என்று சொல்லும் அளவுப் புத்தகத்தின் அகலம் 14 செ.மீ., கிரவுன் என்ற அளவு அதைவிடக் குறைவு. மிச்சமிருக்கும் 16 செ.மீ.யில் நடப்பது நமக்குத் தெரிந்ததுதான்: முன்னால் இன்னொரு வரிசை, அதன் தலையில் படுக்கவைத்த நாலு, ஓரத்தில் மூக்குக்கண்ணாடியும் மருந்துச் சீட்டும். பின்வரிசையில் என்ன இருக்கிறதென்பது மறந்துபோய், இருக்கிற புத்தகத்தையே இரண்டாம் முறை வாங்குவோம்.

கதை, கவிதை, கட்டுரை என்று பெரும்பாலும் டெமி அளவே வைத்திருப்பவருக்கு 17 செ.மீ. ஆழத் தட்டு போதும். 14 புத்தகத்துக்கு, 2 பின்னால் காற்றோட்டத்துக்கு, 1 முன்விளிம்புக்கு. ஒரு மீட்டர் அகல நடைவழியில் இதை அடித்தாலும் 83 செ.மீ. மிஞ்சும், ஆள் தாராளமாகப் போகலாம். 30 செ.மீ. அலமாரியை அங்கே வைத்தால் 70 செ.மீ.தான் மிஞ்சும், வழி நெருக்கமாகிவிடும். அகராதி, ஓவியத் தொகுப்பு போன்ற பெரிய புத்தகங்களுக்காக எல்லாத் தட்டையும் ஆழமாக்குவது வீண். அவற்றுக்கென்று அலமாரியின் அடியில் மட்டும் ஒரு ஆழமான தட்டு கட்டி, படுக்கவைத்து, மூன்று நாலுக்குமேல் அடுக்காமல் விடலாம்.

இரட்டை வரிசைக்காரர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். புத்தக உயரம் 21.5, விரல் நுழைய 2.5, பலகை 1.8: ஒரு தட்டுக்குச் சுமார் 26 செ.மீ. 210 செ.மீ. உயரத்தில் எட்டு வரிசை கிடைக்கும். இரட்டை வரிசை வைத்து, பின்வரிசையின் தலைப்புகள் தெரியும்படி 9 செ.மீ. உயரப் படி ஒன்றை உள்ளே போட்டால் தட்டுக்கு 35 செ.மீ. ஆகும். ஆறு தட்டு, பன்னிரண்டு வரிசை. ஆழம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, புத்தகமோ ஒன்றரை மடங்கு. ஆகவே சுவருக்குள் ஏற்கெனவே ஆழமான அலமாரி இருந்தால் படி போடுங்கள். புதிதாகச் செய்வதாக இருந்தால் ஒற்றை வரிசைதான்.

அடுத்தது எடை. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 200 பக்க டெமி புத்தகம் என்றால் நூறு தாள். 70 ஜி.எஸ்.எம். தாளில், அதாவது சதுர மீட்டருக்கு 70 கிராம் எடையுள்ள தாளில், அது 210 கிராம், அட்டையோடு 225 என்று வையுங்கள். தடிமன் ஒரு செ.மீ. அப்படியானால் ஒரு மீட்டர் வரிசைக்கு 22.5 கிலோ. எட்டு வரிசைக்கு 180 கிலோ. வழவழப்பான ஆர்ட் பேப்பர் புத்தகங்கள் அதே தடிமனுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கனக்கும். இவ்வளவு பாரத்தையும் அறையின் நடுவில் இறக்காமல் சுவரோரமாக, முடிந்தால் பீம் ஓடும் பக்கமாக வைக்க வேண்டும். மேல்மாடியில் மரத்தளம் என்றால் இது கட்டாயம்.

தட்டு தொய்வதற்குக் காரணம் பலகையின் தரம் என்றுதான் பொதுவாகத் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி நீளம். நெடுக ஒரே சீராகப் பாரம் இருக்கும்போது, தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்காக ஏறும்: 60 செ.மீ. தட்டை 90 ஆக்கினால் தொய்வு ஐந்து மடங்கு. தடிமன் கூடினால் மூன்றாம் அடுக்காகக் குறையும், 18 மி.மீ. பலகையை 25 ஆக்கினால் முன்பு தொய்ந்ததில் சுமார் நாற்பது சதவீதமே தொய்யும். எனவே மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்யும் பார்ட்டிக்கிள் போர்டு 18 மி.மீ. என்றால் 60 செ.மீ.க்கு ஒரு தாங்கல், பிளைவுட்டுக்கு 75 வரை போகலாம். முன்விளிம்பில் 4 செ.மீ. உயர மரப்பட்டை ஒன்றைப் பசையிட்டுத் திருகினால் தட்டு நன்றாக விறைக்கும். பார்ட்டிக்கிள் போர்டு மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே இருக்கும் என்பதால் முதல் வாரத்தில் நேராக நிற்பதை நம்பாதீர்கள். ஏற்கெனவே தொய்ந்த தட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போடலாம், கொஞ்ச காலம் ஓடும்.

கனமானவை கீழே, மெலிந்தவை மேலே. 17 செ.மீ. ஆழ அலமாரி தானாக நிற்காது. மேல்பகுதியில் இரண்டு இடத்திலாவது எல் ஆங்கிள் வைத்துச் சுவரோடு திருகியே ஆக வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. கதவு நிலைக்கு மேலே ஒரு தட்டை அறை முழுக்க ஓடவிடலாம். எப்போதாவது எடுப்பவை அங்கே போகட்டும். கட்டில் தலைமாட்டுக்கு மேலே மட்டும் வேண்டாம். கட்டிலுக்கு அடியில் வைப்பதானால் சக்கரம் வைத்த ஆழமில்லாத பெட்டியில், தலைப்பு அச்சிட்ட முதுகு மேலே தெரியும்படி. பெட்டி 15 கிலோவைத் தாண்டினால் யாரும் அதை வெளியே இழுக்க மாட்டார்கள்.

ஈரப்பதத்துக்கு ஒரு சின்ன மீட்டர் வாங்கி அலமாரிக்குள்ளேயே வையுங்கள். 65 சதவீதத்துக்குமேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும். வெளிச்சுவரிலிருந்தும் குளியலறைச் சுவரிலிருந்தும் 5 செ.மீ. தள்ளி, கடைசித் தட்டு தரையிலிருந்து 10 செ.மீ. மேலே. ராமபாணப்பூச்சிக்கு ஈரமும் பசையிலுள்ள மாவுச்சத்தும் இருந்தால் கொண்டாட்டம். பூச்சி பிடித்த புத்தகத்தைக் காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃபிரீசரில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சி செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்தால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு நாள் விட்டுப் பிரியுங்கள். பூஞ்சைக்கு இந்த வைத்தியம் செல்லாது, குளிரில் அது உறங்குமே தவிர சாகாது. நாப்தலின் உருண்டை வேண்டவே வேண்டாம்; சின்ன வீட்டில் புத்தகம் இருக்கும் அறையில்தான் ஆளும் படுக்கிறார், அந்த ஆவி நுரையீரலுக்குள்தான் போகும்.

நடுவில் பின் அடித்த மெல்லிய நூல்களுக்கு முதுகு கிடையாது, தட்டில் நிறுத்தினால் காணாமல் போகும். கோப்புப் பெட்டியில் போட்டுப் பெட்டிமேல் எழுதுங்கள். பின் துருவேறியிருந்தால் கழற்றிவிட்டு நூலால் தைக்கலாம்.

பட்டியல் இல்லாத சேகரிப்பு பாதி தொலைந்த மாதிரிதான். பழைய தமிழ் நூல்களுக்கு ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணே இருக்காது, ஸ்கேன் செய்யும் செயலி அங்கே கைவிட்டுவிடும். அவசரத்துக்கு ஒவ்வொரு தட்டையும் கைபேசியில் படம் எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. பொறுமை இருப்பவர் விரிதாளில் நூல், ஆசிரியர், இடம் என்று மூன்று பத்தி போடலாம். இரண்டு கண்ணி உண்டு. முன்னெழுத்தை முதலில் எழுதினால் அகரவரிசை குலைந்துவிடும், பெயருக்குப் பின்னால் போடுங்கள். இராமலிங்கம், ராமலிங்கம் இரண்டும் கணினிக்கு வேறு வேறு ஆள். ஏதாவது ஒன்றை முடிவுசெய்து கடைசிவரை அதையே எழுதுங்கள்.

இரவல் கொடுத்த புத்தகத்தின் இடத்தில் பெயரும் தேதியும் எழுதிய அட்டை ஒன்றைச் செருகி, இடைவெளியை ஒரு பெட்டியால் பிடித்து வையுங்கள். விட்டால் பக்கத்துப் புத்தகங்கள் சாய்ந்து அட்டை வளையும், மூன்றாம் வாரம் அங்கே வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கும்.