முதலில் நிற்குமா என்று பார்

ஜூன் முதல் வாரம் வந்துவிட்டால் கடலூர் முதுநகரில் டீசல் மெக்கானிக்குகளுக்குச் சோறு இறங்காது. ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதியோடு முடிகிறது. முடிந்த கையோடு கடலுக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று ஒவ்வொரு விசைப்படகுக்காரரும் துடிப்பார். தடைக்காலத்துக்கு நிறுத்திய இன்ஜின்களில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆயில், ஃபில்டர், பெல்ட் பார்த்து, டீசல் குழாயில் சிக்கிய ஏரை எடுத்துவிட்டால் ஓடிவிடும். என்னைப் பயமுறுத்துபவை வேறு: வருடக்கணக்கில் யாரும் தொடாமல் கிடந்துவிட்டு, திடீரென ஒருநாள் ஓடச் சொல்லப்படுபவை.

அப்படி ஒரு படகு உப்பனாற்றங்கரையில் கட்டிக் கிடந்தது. பங்காளித் தகராறு. அண்ணனும் விடவில்லை, தம்பியும் விடவில்லை; இரண்டு மழைக்காலம் நின்ற இடத்திலேயே நனைந்தது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ஒருவழியாகத் தம்பி கைக்கு வந்ததும் எனக்கு போன் வந்தது.

"அண்ணே, புது பேட்டரி ரெண்டும் வாங்கி வச்சிட்டேன். வந்து ஒரு செல்ஃப் அடிச்சு விட்டீங்கன்னா போதும்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்தப் புது பேட்டரிதான். பழைய பேட்டரி என்றால் செத்துப்போயிருக்கும், 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு அடங்கிவிடும். முழு சார்ஜில் இருக்கும் 24 வோல்ட்டு, ஜாம் ஆன இன்ஜினை விடாமல் தள்ளும். "நான் வர்ற வரைக்கும் பேட்டரி வயரை மாட்டாதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

விஷயம் இதுதான். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காக பிஸ்டன் நசுக்கும். அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்ளும். காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. சிலிண்டருக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் நின்றாலே போதும், மேலே வரும் பிஸ்டனுக்குப் போக இடமில்லை. செல்ஃப் மோட்டார் தள்ளத் தள்ள கனெக்டிங் ராடு வளையும். வளைந்தது அன்றைக்கே தெரியவும் தெரியாது. நடுக்கடலில் ஒருநாள் பிளாக்கை உடைத்துக்கொண்டு ராடு வெளியே வரும்போதுதான் தெரியும்.

தண்ணீர் எப்படி உள்ளே போகும் என்று தம்பி கேட்டார். மேலே கையைக் காட்டினேன். நம் பக்கத்து விசைப்படகுகளில் சைலன்சர் குழாய் வீல் ஹவுசுக்குப் பின்னால் வானத்தைப் பார்த்து நிற்கும். நிறுத்தும்போது அதன் வாயில் ஒரு பெயிண்ட் டப்பாவையாவது கவிழ்த்து வைப்பது வழக்கம். இந்தப் படகில் டப்பாவைக் கட்டியிருந்த கம்பி மட்டும் துருப்பிடித்துத் தொங்கியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது இந்தக் கரையில் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தக் குழாய் அன்றைக்கு வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறது. இன்ஜின் நின்ற நேரத்தில் எந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருந்ததோ, அதற்குள் மழைநீர் நேராக இறங்கும்.

இன்ஜின் ரூம் மூடியைத் திறந்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்துதான் உள்ளே இறங்கினேன். இது சோம்பேறித்தனம் இல்லை. மாதக்கணக்கில் மூடிக் கிடந்த அறையில் துரு காற்றைத் தின்றிருக்கும், டீசல் ஆவி தங்கியிருக்கும். இறங்கியவுடன் டிப் ஸ்டிக்கை உருவினேன். ஆயில் மேல் கோட்டுக்கும் மேலே நின்றது. நிறம் பால் கலந்த டீ. யாரும் ஊற்றாமல் ஆயில் ஏறாது. ஆயில் தங்கும் அடித்தொட்டியான சம்பின் போல்ட்டைத் தளர்த்தியதும் முதலில் தண்ணீர்தான் வந்தது, அதற்குப் பின்னால்தான் ஆயில்.

சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் ஆறையும் கழற்றினோம். ஃப்ளைவீல் பல்லில் கம்பி கொடுத்து ஓடும் திசையிலேயே மெதுவாக நெம்பிப் பார்த்தேன். அசையவில்லை. இந்த இடத்தில்தான் ஆட்கள் பொறுமை இழப்பார்கள். இரண்டு பேர் கம்பியில் தொங்குவார்கள், பைப்பைச் சொருகி நீட்டுவார்கள். பிஸ்டன் ரிங் துருவால் லைனரை, அதாவது சிலிண்டரின் உட்சுவரை, பிடித்துக்கொண்டிருக்கும்போது பலம் காட்டினால் ரிங்தான் உடையும். ஒவ்வொரு நாசில் ஓட்டை வழியாகவும் டீசலும் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி, துணியால் மூடிவிட்டுக் கிளம்பினேன். தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது. "நாளைக்கு வர்றேன்" என்றேன். நாளையும் அசையவில்லை. மறுபடி ஊற்றினேன்.

அதற்குள் பக்கத்துப் படகிலிருந்து ஆலோசனை வந்துவிட்டது. "பெட்ரோல்ல துணிய நனைச்சு ஏர் ஃபில்டர் வாயில புடிங்க மாமா, அடிச்சவுடனே புடிச்சிக்கும்." பிடித்துக்கொள்ளும், உண்மைதான். டீசலுக்குக் காத்திராமல் பெட்ரோல் ஆவி தன் இஷ்டத்துக்கு முன்னாடியே வெடிக்கும்; மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டன் மண்டையில் சுத்தியல் அடி விழும். ஆவி நிறைந்த இன்ஜின் ரூமில் ஒரு பொறி பறந்தால் படகே போகும். ஆரோக்கியமான டீசல் இன்ஜினுக்கு, அதுவும் நம் ஊர் ஜூன் வெயிலில், பெட்ரோல் துணி தேவையே இல்லை. தேவைப்படுகிறது என்றால் நாசிலோ பம்போ ரிங்கோ ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. அதைத்தான் தேட வேண்டும்.

கடைசியில் நெம்புகோலுக்கு மெல்ல இடம் கொடுத்தது. இன்னும் கொஞ்சம் சுற்றியதும் இரண்டாவது சிலிண்டர் ஓட்டையிலிருந்து துரு நிறத்தில் தண்ணீர் கொப்பளித்து டாப் கவர் மேல் வழிந்தது. பக்கத்தில் நின்ற தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு "செல்ஃப் அடிக்கலாமா" என்று அவர் கேட்கவில்லை.

டாப் கவரைக் கழற்றிவிட்டு, கிராங்க் முழுதாக இரண்டு சுற்று சுற்றும்வரை வால்வை அழுத்தித் திறக்கும் ஒவ்வொரு ராக்கரும் இறங்கி ஏறுகிறதா என்று கவனித்தோம். இரண்டு சுற்று ஆனால்தான் எல்லா வால்வும் ஒருமுறை திறந்து மூடும். ஒரு வால்வு ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டி, ஆயில் விட்டு, சரிசெய்தோம். நாசில்கள் பம்பு கடைக்குப் போய் வந்தன.

டீசல் டேங்கைப் பற்றி நிறையச் சொல்ல விரும்பவில்லை, நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. பாதி டேங்க் காலியாக நின்றால் உள்ளே காற்று வியர்த்துத் தண்ணீராக அடியில் சேரும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் கிருமி வளரும், கறுப்பாக, கொழகொழவென்று. புது ஃபில்டர் போட்டுவிட்டுப் பழைய டீசலிலேயே ஓட்டினால் அரை மணியில் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். மொத்தத்தையும் இறக்கி, டேங்கைக் கழுவினோம். கடல்தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் ஒரே பக்கம் மடிந்து காய்ந்திருந்தது, அதையும் மாற்றினோம். ஹோஸ், பெல்ட், கியர் ஆயில் எல்லாம் வழக்கமான வேலை.

இனி நான் விட்டுக்கொடுக்கவே கொடுக்காத வேலை. "ஸ்டார்ட் ஆகுமா?" என்று எல்லோரும் கேட்பார்கள். நிற்குமா என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. பழைய மெக்கானிக்கல் டீசல் பம்பு வைத்த இன்ஜின் சாவியைத் திருப்பினால் நிற்காது, பேட்டரியைக் கழற்றினாலும் நிற்காது. ஸ்டாப் லீவர் டீசலை அடைத்தால்தான் நிற்கும். பம்புக்குள் ஒரு ராக் இருக்கிறது. அது முன்பின் நகர்வதில்தான் டீசலின் அளவு இருக்கிறது. இன்ஜின் நின்றிருக்கும்போது அது பெரும்பாலும் முழு டீசல் பக்கம்தான் நிற்கும். நாள்பட்ட டீசல் பிசினாகக் காய்ந்து, ராக் அங்கேயே ஒட்டிக்கொண்டால்? ஸ்டார்ட் ஆன நொடியில் இன்ஜின் வெறிபிடித்து ஏறும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரால் இழுக்க முடியாது, ஸ்டாப் லீவருக்கும் அடங்காது.

பம்பின் பக்கவாட்டு மூடியைத் திறந்து ராக்கை விரலால் தள்ளினேன். அழுத்தமாக ஒட்டியிருந்தது. சுத்தமான டீசல் விட்டு, ஊறவைத்து, தள்ளித் தள்ளி, விரலை எடுத்ததும் தானாகத் துள்ளித் திரும்பும்வரை விடவில்லை. ஸ்டாப் கேபிளுக்கும் கிரீஸ் போட்டேன். அப்படியும் உதவிப் பையன் கையில் ஒரு தடித்த பலகையைக் கொடுத்து, கழற்றிய ஏர் ஃபில்டர் வாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினேன். ஏறினால் பலகையால் வாயை அடைக்க வேண்டும். காற்று இல்லாமல் எதுவும் எரியாது. சிலிண்டரில் ஊற்றிய ஆயிலையே எரித்துக்கொண்டு ஓடும் இன்ஜினுக்கு இதுதான் மருந்து. கையையோ துணியையோ வைக்கவே கூடாது, இழுத்துக்கொள்ளும்.

முதலில் நாசில் இல்லாமலேயே செல்ஃப் அடித்து, சிலிண்டரில் மிச்சமிருந்ததை வெளியே தள்ளினோம். அந்த ஓட்டைகளுக்கு நேராக யாரையும் நிற்க விடவில்லை. பிறகு நாசிலை மாட்டி, ஏர் எடுத்து, ஸ்டாப்பரை இழுத்துப் பிடித்தபடியே சுற்றவிட்டேன், ஆயில் பிரஷர் முள் எழும்வரை. முள் எழுந்தபின்தான் ஸ்டாப்பரை விட்டேன்.

பிடித்தது. வெள்ளைப் புகை, கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. பக்கவாட்டில் கடல்தண்ணீர் கொட்டியது. நான் செய்த முதல் காரியம் ஸ்டாப் லீவரை இழுத்ததுதான். நின்றது. தம்பி பதறிப்போய், "என்னாச்சுண்ணே?" என்றார். "ஒண்ணுமில்ல, நிக்குது" என்றேன். மறுபடி ஸ்டார்ட் செய்து, ஐடிலிலேயே சூடாக விட்டோம். பையன் பலகையைக் கீழே வைக்க அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தான்.

ஜூன் 14 இரவு மற்றப் படகுகள் கிளம்பியபோது இது கிளம்பவில்லை. முகத்துவாரம் வரை போய்வந்து, புரொப்பல்லர் தண்டு வெளியேறும் இடத்தில் தண்ணீர் புகாமல் அடைக்கும் கிளாண்டில் புதுக் கயிறு சுற்றி, உள்ளே மிச்சமிருந்த தண்ணீரோடு கலங்கிய ஆயிலை வடித்துவிட்டு மறுபடி ஆயில் மாற்றினேன். பில்லில் ஆயில் இரண்டு தடவை இருப்பதைப் பார்த்துத் தம்பி முனகினார். வடித்த டின்னைக் காட்டியதும் அடங்கி, ஒரு ஆயில் காசை மட்டும் அண்ணனிடம் வாங்கிக்கொள்ளச் சொன்னார். டப்பா கட்டாமல் விட்டது அவர்தானாம். அந்தப் பஞ்சாயத்துக்கு நான் ஆளில்லை என்று முழுத் தொகையையும் அவரிடமே வாங்கிக்கொண்டு வந்தேன்.