அம்மா ஊரில் இல்லாத நாட்கள்

அக்டோபர் 8, புதன்

இன்றும் ஆபரேஷன் இல்லை. சர்க்கரை இறங்கவில்லையாம். அப்பா அதை மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அக்டோபர் 9, வியாழன்

கீழ்வீட்டு அக்கா அடை கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனசுதான். தம்பி ஃபேனுக்குக் கீழே நடந்துகொண்டே "ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அம்மா ஆஸ்பத்திரியில இருக்கறதுகூடத் தெரியல பாரு, பாவம். ஒருவிதத்துல நல்லதுதான், கவலையே இல்ல" என்றார்.

அவனுக்கா தெரியவில்லை? ஆட்டிசம் என்றால் ஒன்றும் தெரியாது என்று அர்த்தமா? அம்மாவின் கட்டிலில்தான் படுக்கிறான். அம்மாவின் செருப்பை யார் நகர்த்தினாலும் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைக்கிறான். ரசம் சாதம் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. அப்புறம் இந்த ஸ்டேஷன் பெயர்கள். எப்போதும் மயிலாடுதுறைவரை போவான். இப்போது சிதம்பரம் வந்ததும் நின்று, முதலிலிருந்து ஆரம்பிக்கிறான். பாட்டி வீடு சிதம்பரம். அம்மா இங்கே இல்லாத நாளெல்லாம் அங்கேதான் இருந்திருக்கிறாள்.

அக்காவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அடை நன்றாக இருந்தது, முழுவதையும் நானே தின்றேன்.

அக்டோபர் 11, சனி

சலூன். இடது பக்கம் முடியும்வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. பக்கத்து நாற்காலியில் யாருக்கோ ட்ரிம்மரைப் போட்டதும் தம்பி காதைப் பொத்திக்கொண்டு, கழுத்தில் கட்டிய துணியோடு ரோட்டுக்கு ஓடிவிட்டான். காத்திருந்த பெரியவர் ஒருவர், "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க. ரெண்டு போட்டா தானா உக்காருவான்" என்றார்.

கடைக்கார அண்ணன் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்து, கொஞ்சம் தள்ளியே நின்று, கத்திரியைக் காற்றில் ரெண்டு தடவை தட்டிக் காட்டினார். "இந்தச் சத்தம் பரவால்லையா தம்பி?" தம்பி கத்திரியைப் பார்த்தான். "சரி, திங்கட்கிழமை மத்தியானம் கூட்டிட்டு வாங்கம்மா. கூட்டம் இருக்காது, டிவியையும் அமத்தி வெக்கறேன்."

காசு வாங்கவில்லை. கடலூர் திருப்பாப்புலியூர் முழுக்கப் பாதித் தலையோடு நடந்து வந்தோம்.

அக்டோபர் 12, ஞாயிறு

சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். ஆட்டிசத்துக்குத் தடுப்பூசிதான் காரணமாம். 1998-ல் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை அது. வெளியிட்ட மருத்துவ இதழே 2010-ல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது, எழுதிய டாக்டரின் உரிமமும் போய்விட்டது. ஆனால் வாட்ஸ்அப்பில் அதற்குச் சாவே இல்லை. அதற்கும் முன்னால், பெற்றவள் பாசம் காட்டாததால் வருகிறது என்று வெளிநாட்டு நிபுணர்களே பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா வேலைக்குப் போனதால்தான் இப்படி என்று நம் வீட்டுக் கல்யாணங்களில் பேசியவர்கள் யாரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள். தானாகவே அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

அம்மா பதில் போட்டிருக்க மாட்டாள். நான் போட்டேன். சித்தப்பா கைகூப்பும் பொம்மை அனுப்பியிருக்கிறார்.

அக்டோபர் 13, திங்கள்

மழை, கரண்ட் இல்லை. வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு தடவையும் "வெட்டறேன்" என்று சொல்லிச் சொல்லியே அண்ணன் வலது பக்கத்தையும் முடித்துவிட்டார். காதோரம் தொடவிடவில்லை. "இருக்கட்டும், அம்மா வந்ததும் பாத்துக்கலாம்" என்றார். அம்மாவை எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. டொனால்ட் டிரிப்லெட் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1943-ல் லியோ கானர் என்ற மனநல டாக்டர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதினாரே, அதில் முதல் பையன். அமெரிக்காவில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊர். வங்கியில் வேலை, சொந்தமாகக் கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், பல நாடுகள் சுற்றினார். 2023-ல் 89 வயதில்தான் போனார். ஊரே அவரை அப்படியே ஏற்றுக்கொண்டது என்று உருகி உருகி எழுதுகிறார்கள். வங்கி அவர் அம்மா குடும்பத்துடையது. அதையும் சேர்த்து எழுதவேண்டும் இல்லையா?

எங்களிடம் வங்கி இல்லை. ஜனவரியில் அவனுக்கு 18. அதற்குப் பிறகு அவன் சார்பில் ஒரு கையெழுத்துப் போடவேண்டும் என்றால், பெற்றவர்களே ஆனாலும், 1999-ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான குழுவிடம் மனுப் போட்டுத்தான் பாதுகாவலர் ஆகமுடியும். அம்மா படிவத்தைப் பாதிவரை நிரப்பி பீரோவில் வைத்திருக்கிறாள். "பெற்றோருக்குப் பின்" என்று தனித்தாளில் எழுதி, பக்கத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறாள். என்னிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், ஆனால் கேட்டிருக்கலாம்.

மணி ரெண்டரை. அவனும் முழித்துக்கொண்டுதான் இருக்கிறான். கிள்ளை, சிதம்பரம்.

அக்டோபர் 16, வியாழன்

ஆபரேஷன் முடிந்தது. நல்லபடியாக.

அக்டோபர் 17, வெள்ளி

போனைக் காதில் வைத்தேன். தம்பி பேசவில்லை. அம்மாவும் பேச முடியாமல் மூச்சுதான் விட்டாள். வைக்கவிடவே மாட்டேன் என்றான்.

சாயங்காலம் வெடி ஆரம்பித்துவிட்டது. காலை 6-7, இரவு 7-8 என்று அரசு நேரம் வைத்திருப்பது தீபாவளி அன்றைக்கு. முந்தின நாட்களுக்கு யார் நேரம் பார்க்கிறார்கள்? எதிர்வீட்டில் போய்ச் சொன்னேன். "நாலு நாளைக்கு அவனை எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிடேன்மா, பசங்க வருஷத்துக்கு ஒரு தடவைதானே வெடிக்குதுங்க" என்றார் அந்த வீட்டம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவர் பையன், ஆறாவது படிக்கிறான், கேட்டுவரைக்கும் பின்னாலேயே வந்தான்.

"அக்கா, வெடிச்சா அண்ணனுக்கு வலிக்குமா?"

"காது வலிக்கும். பயமும்தான்."

"புஸ்வாணம்?"

"அது பரவாயில்லை. பார்ப்பான்."

"அப்ப எங்க வெச்சா ஜன்னல்லேருந்து தெரியும்?"

காட்டினேன். சாக்பீஸ் கொண்டுவந்து ரோட்டில் வட்டம் போட்டுவிட்டுப் போனான்.

அக்டோபர் 18, சனி

மழை. வெடி இல்லை. மழைக்கு ஒரு கும்பிடு.

அக்டோபர் 19, ஞாயிறு

டிஸ்சார்ஜ் புதன்கிழமைதானாம். தீபாவளி ஆஸ்பத்திரியில். தம்பியை நாளைக்கு அழைத்துவரச் சொல்கிறார் அப்பா. பாண்டிச்சேரி பஸ் என்றால் எல்லையில் கன்னியக்கோயிலில் குடிக்க இறங்கும் கூட்டம், ஹாரன். ஆட்டோ என்றால் வழியெல்லாம் வெடி. காலையில் ஏழு மணி தாண்டினதும் கிளம்பினால் கொஞ்சம் அடங்கியிருக்கும். ஹெட்போனைச் சார்ஜில் போட்டாயிற்று. அம்மா சிதம்பரத்தில் இல்லை, பாண்டிச்சேரியில் என்று படம் வரைந்து காட்டியிருக்கிறேன். படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

கீழ்வீட்டு அக்கா தானும் துணைக்கு வருகிறேன் என்கிறார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?