உராய்வுக் கணக்கு: 'மியூ என்' என்று எழுதும் முன்

விடைக்குறிப்பை வைத்து எண்ணிப் பார்க்கும்போது வலிப்பது தெரியாத கேள்விகள் அல்ல. நன்றாகத் தெரிந்த உராய்வுக் கணக்கில், சரியென்று நம்பித் தப்பான வட்டத்தைக் கருப்பாக்கியதுதான். நீட்டில் அங்கே கை நழுவுவது நாலு மார்க் இல்லை, அஞ்சு: வர வேண்டிய நாலும் போய், தப்புக்கு ஒன்றும் கழியும். அடுத்த வருடம் எழுதப் போகிறவர்கள் இந்த ஒரு பாடத்திலாவது அந்த அஞ்சை விடாதீர்கள்.

நியூட்டன் விதிகள் மூன்றும் உங்களுக்குத் தெரியும், அதை விடுங்கள். தகராறு எல்லாம் 'மியூ என்' என்ற சூத்திரத்தில்தான்: மியூ என்பது உராய்வுக் குணகம், என் என்பது தளம் பொருளைத் தாங்கும் செங்குத்து விசை, இரண்டையும் பெருக்குவது. உராய்வு என்ற சொல்லைக் கண்டதும் கை அதைத் தானாக எழுதிவிடுகிறது. ஓய்வுநிலை உராய்வு, அதாவது பொருள் நகராமல் இருக்கும்போது உள்ள உராய்வு, மொய் மாதிரி: நீங்கள் எவ்வளவு வைத்தீர்களோ அவ்வளவுதான் திரும்பி வரும். 'மியூ என்' என்பது மொய்யைத் திருப்பி வைப்பவரின் கையிருப்பு. கையிருப்பு மொத்தத்தையும் யாரும் மொய்யாக எழுதுவதில்லை.

5 கிலோ பெட்டி, தரையில் ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4, ஈர்ப்பு முடுக்கம் 10. பெட்டியைக் கிடையாக 12 நியூட்டனில் தள்ளுகிறீர்கள். உராய்வு எவ்வளவு? உச்ச அளவு 0.4 × 50 = 20. 12 அதற்குள் அடங்குவதால் பெட்டி நகராது, உராய்வு 12. ஆனால் விடைகளில் 20 கட்டாயம் இருக்கும், பெரும்பாலும் முதல் இடத்திலேயே. தள்ளாமல் சும்மா விட்டால் உராய்வு சுழியம். இதையும் கேட்பார்கள்.

ஆகவே எந்தக் கணக்கானாலும் முதல் வரி 'நகருமா?' என்ற கேள்வியாக இருக்கட்டும். நகராவிட்டால் உராய்வு, தள்ளும் விசைக்குச் சமம். நகர்ந்தால் மட்டும் இயக்க உராய்வுக் குணகத்தை எடுங்கள்.

அடுத்த குழி, 'என்' என்றால் 'எடை' என்று எழுதுவது. தமிழ்வழி மாணவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து: 'செங்குத்து விசை' என்று படித்துவிட்டு, சாய்தளத்திலும் அம்புக்குறியை நேர் மேலே போடுகிறோம். அது தளத்துக்குச் செங்குத்து, பூமிக்கு அல்ல.

10 கிலோ அரிசி மூட்டையைக் கயிறு கட்டி, கிடைக்கு 30 டிகிரி மேல்நோக்கி 50 நியூட்டனில் இழுக்கிறீர்கள். இரு உராய்வுக் குணகமும் 0.4 என்று வையுங்கள். கிடைக்கூறு 43.3, மேல்நோக்கிய கூறு 25. கயிறு மூட்டையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுப்பதால் செங்குத்து விசை 100 − 25 = 75, உராய்வு 30. மிச்சம் 13.3, முடுக்கம் 1.33. இப்போது அதே 50 நியூட்டனைப் பின்னாலிருந்து, அதே கோணத்தில் கீழ்நோக்கிச் சாய்த்துத் தள்ளுங்கள். செங்குத்து விசை 125, உராய்வின் உச்சம் 50. கையில் இருப்பது 43.3, மூட்டை அசையாது. செங்குத்து விசை 100 என்று போட்டவருக்கு உச்சம் 40 என வந்து, இரண்டு முறையும் மூட்டை நகர்ந்துவிடும்! மூட்டை தூக்கும் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், இழுப்பதுதான் லேசு என்று.

விசைப்படம் போடாமல் இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது வராது, அதனால் உங்களையும் போடச் சொல்கிறேன். 20 வினாடி போகும், போகட்டும்.

சட்டென்று சில:

– சுவரில் 2 கிலோ கட்டையை 100 நியூட்டனில் அழுத்துகிறீர்கள், குணகம் 0.5. உராய்வு 50 இல்லை, 20. அது விழாமலிருக்கக் குறைந்தது 40 நியூட்டன் அழுத்த வேண்டும்.

– 30 டிகிரி சாய்தளம், குணகம் 0.7. டேன் 30 = 0.577. அது 0.7-ஐவிடக் குறைவு, ஆகவே பொருள் நிற்கும். சைனும் காஸும் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

– லாரி தளத்தில் பெட்டி. லாரி முன்னே முடுக்கும்போது பெட்டி மீது உராய்வு முன்னோக்கித்தான். குணகம் 0.3 என்றால் 3-க்கு மேற்பட்ட முடுக்கத்தில் பெட்டி பின்னே சறுக்கும்.

– சைக்கிள் மிதிக்கும்போது பின்சக்கரத்தில் உராய்வு முன்னோக்கி, முன்சக்கரத்தில் பின்னோக்கி. மிதிப்பதை நிறுத்தினால் இரண்டிலும் பின்னோக்கி. 'உராய்வு எப்போதும் இயக்கத்தை எதிர்க்கும்' என்ற வாக்கியத்தை மனதிலிருந்து அழித்துவிடுங்கள். அது எதிர்ப்பது, தொடும் இரு பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்குவதை. நடக்கும்போது பாதம் பின்னே சறுக்கப் பார்க்கிறது, தரை நம்மை முன்னே தள்ளுகிறது. எண்ணெய் சிந்திய தரையில் இது கிடைக்காததால்தான் விழுகிறோம்.

பிரேக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 10 மீட்டர். நிற்கும் தூரம் = வேகத்தின் வர்க்கம் ÷ (2 × குணகம் × ஈர்ப்பு முடுக்கம்). குணகம் 0.5 எனில் அது 100 ÷ (2 × 0.5 × 10) = 10 மீட்டர். 72-ல் போனால் 20 இல்லை, 40 மீட்டர். சூத்திரத்தில் நிறை இல்லை. 'லாரி கனம், அதனால் தள்ளிப் போய் நிற்கும்' என்ற விடை, குணகம் ஒன்றாக இருக்கும்வரை தப்பு. சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்தால் இயக்க உராய்வு, உருண்டுகொண்டே நின்றால் ஓய்வுநிலை உராய்வு. தரையைத் தொடும் டயர்ப் புள்ளி அந்தக் கணத்தில் ஓய்வில் இருக்கிறது என்பது நம்ப முடியாத மாதிரி இருக்கும், ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் பிரேக் அதை நம்பித்தான் வேலை செய்கிறது.

கடைசியாக, கேள்வியின் சொற்கள். 'வழவழப்பான தளம்' என்றால் உராய்வு இல்லை. 'நகரத் தொடங்கும் தறுவாயில்' என்றால் உச்ச அளவு. அங்கே மட்டும்தான் ஓய்வுநிலைக் குணகத்தைத் தைரியமாகப் பெருக்கலாம். 'சீரான திசைவேகத்தில்' என்றால் மொத்த விசை சுழியம், இயக்க உராய்வு இழுவிசைக்குச் சமம். தமிழில் வாக்கியம் குழப்பினால் அருகிலேயே இருக்கும் ஆங்கிலக் கேள்வியைப் படியுங்கள். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் அதுதான் செல்லும்.