மாமைட் போத்தலின் அடி

காய்ச்சல் விட்ட வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை. பாணில் பூசும் உப்புக் களியான மாமைட் முடியப்போகும் போத்தலுக்குள் அம்மா சுடுதண்ணியை ஊற்றிக் குலுக்கினார்.

அடியில் தார் மாதிரி ஒட்டியிருந்தது மெல்லக் கரைந்து தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. பாதித் தேசிக்காய் பிழிந்து, மிளகுத்தூள் தூவி நீட்டினார்.

பியர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்டில் செய்வது என்று தெரிந்திருந்தால் வீட்டுக்குள்ளேயே விட்டிருக்கமாட்டார். நானும் வாய் திறக்கவில்லை!

1902இல் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில், பியர் ஆலைகள் கழித்த ஈஸ்டை நம்பித்தான் இதைத் தொடங்கினார்கள். 1930களின் தொடக்கத்தில் பம்பாயில் லூசி வில்ஸ் என்ற மருத்துவர், இரத்தசோகையில் வாடிய கர்ப்பிணி மில் தொழிலாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார். தேறினார்கள். அவர்களைத் தேற்றியது அதிலிருந்த ஃபோலிக் அமிலம் என்ற விட்டமின்; அந்தப் பெயரே அப்போது இல்லை.

"இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கிடக்கு, நாளைக்கும் ஒருக்கா குலுக்கலாம்" என்று அம்மா மூடியை இறுக்கினார்.