எது வரை பிரிக்கலாம்?

"சுவர் பிதுங்கிய இடத்தை மட்டும் பிரித்துக் கட்டுங்கள்." கொத்தனார் போனில் கேட்டதற்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான். 'மட்டும்' என்றால் எத்தனை அடி என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நார்த் யார்க்‌ஷயரில் ஒரு பழைய கல் பார்ன், அதாவது பண்ணைக் களஞ்சியம். விடுமுறைக்கு வருபவர்களுக்கு வாடகைக்கு விடும் வீடாக மாற்றும் வேலை, கிளாஸ் கியூ விதியின்படி. முழுத் திட்ட அனுமதி கேட்காமலே விவசாயக் கட்டடத்தை வீடாக மாற்ற விடும் இங்கிலாந்து விதி அது. ஜன்னல், கதவு, கூரை, வெளிச்சுவர் வேலைகளையும், அவற்றுக்குத் தேவையான அளவு இடிப்பையும் அந்த விதி அனுமதிக்கிறது. ஆனால் இருக்கும் கட்டடத்தை மாற்றுவது வேறு, புதிதாகக் கட்டுவது வேறு என்று 2016-இல் ஹிபிட் வழக்கில் உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் நிற்கிற சுவர்தான் அனுமதிக்கே ஆதாரம்.

இந்தச் சுவர்கள் ஒரே கல்லாக நிற்பவை அல்ல. அரை மீட்டருக்கு மேல் அகலம். இரண்டு பக்கமும் முகக்கல், நடுவே ஜல்லியும் மண்ணும். இரு முகங்களையும் பிணைப்பது குறுக்கே ஓடும் நீளக்கற்கள். மழைநீர்க் குழாய் ஒழுகினால் உள்ளே இருப்பது கரைந்து கீழே இறங்கி, முகக்கல்லை வெளியே தள்ளும். சரியான முறை: இரு பக்கமும் முட்டுக் கொடுத்து, மேலிருந்து ஒரு மீட்டர் அகலம் மட்டும் பிரித்து, கற்களுக்கு எண் போட்டு, சுண்ணாம்புச் சாந்தில் நீளக்கற்களோடு கட்டி, அது இறுகிய பிறகே அடுத்த மீட்டருக்குப் போவது. சிமெண்ட் கூடாது, ஈரம் உள்ளேயே நின்றுவிடும். குளிர் 5 டிகிரிக்குக் கீழே போனால் சுண்ணாம்பு வேலையும் நிற்க வேண்டும்.

முதல் மீட்டரைப் பிரித்ததும், வாய் அவிழ்ந்த மூட்டையிலிருந்து நெல் சரிவதுபோலப் பக்கத்துச் சுவரின் உள்மண் சரிந்தது. முகக்கல் தாங்கவில்லை. சாயங்காலத்துக்குள் 4 மீட்டர் தரையில்.

அப்படியே விட்டிருந்தால் யார் மேலாவது விழுந்திருக்கும், பிரித்தது சரிதான். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். முட்டு பக்கத்து மீட்டருக்கும் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதுமே என்றும் தோன்றுகிறது. போனில் கேட்டதை நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் உள்ளே மண் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று வெளியே நின்று எவருக்கும் தெரியாது; ஒரு கல்லை உருவினால்தான் தெரியும்.

அனுமதியைக் கவனிக்கும் உள்ளூர் கவுன்சிலுக்குப் புகைப்படங்களோடு கடிதம் போனது. எண் போட்ட கற்கள் புல்லில் வரிசையாகக் கிடந்தன. எண் போட நேரமில்லாமல் விழுந்தவை தனிக் குவியல். அந்தக் குவியல்தான் பெரிதாக இருந்தது.