எட்டுச் செலவுக்கு மறுநாள் வந்த சட்டத்தரணி பில்

அப்பா இறந்த பிறகு வீட்டில் செய்த எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த மறுநாள் காலை பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. யாரோ அனுதாபம் தெரிவித்து எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கினார். பிரித்துப் பார்த்தால் அப்பாவின் காணி வழக்கைப் பார்த்த சட்டத்தரணியின் பில். 385,000 ரூபா. 14 நாட்களுக்குள் கட்டாவிட்டால் வழக்குப் போடுவோம் என்று கடைசி வரி.

வழக்கு எங்களுக்குத் தெரிந்ததுதான். கொழும்பு கொட்டாஞ்சேனையில் அப்பப்பா வாங்கிப் போட்ட எட்டுப் பேர்ச் காணி. அதில் பெரியப்பா பிள்ளைகளுக்கும் சித்தப்பாவுக்கும் பங்கு இருக்கிறது. காணியைப் பிரித்துத் தரக் கேட்டுப் பங்கு வழக்குப் போட்டு, தவணை மேல் தவணையாகப் போய்க்கொண்டிருந்தது. தவணை என்றால் நீதிமன்றத்தில் வழக்கு எடுக்கும் நாள். அப்பா ஒவ்வொரு தவணைக்கும் காலையிலேயே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நீதிமன்றம் இருக்கும் புதுக்கடைக்குப் போய்விடுவார். காசு பாக்கி இருக்கிறது என்று வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை.

பில்லில் இருந்தது மூன்றே வரி. பழைய பாக்கி 120,000. 14 தவணைக்கு ஆஜரானதற்கு, தவணைக்கு 15,000 படி 210,000. ஆவணச் செலவு 55,000. எந்தத் தவணை, என்ன ஆவணம் என்று ஒரு விவரமும் இல்லை.

முதல் பிழையை அன்றைக்கே செய்தோம். பின்னேரம் அந்தச் சட்டத்தரணியின் கந்தோரிலிருந்து ஒருவர் போன் எடுத்தார். அம்மாவிடம் மிகவும் தன்மையாகப் பேசினாராம். "ஐயா மரியாதையான மனுசன், அவரின் பெயர் கெடக்கூடாது" என்று சொன்னாராம். அது போதும் அம்மாவுக்கு. கடன்காரராகப் போனார் என்று ஒரு சொல் வரக்கூடாது என்று, அந்தியேட்டிக் கிரியைக்கு ஒதுக்கி வைத்திருந்த காசிலிருந்து 50,000 ரூபாவை மறுநாள் வந்தவரிடம் கொடுத்துவிட்டார். அவர் ஒரு துண்டில் தொகையையும் திகதியையும் எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான். நான் அந்தத் துண்டைப் போனில் படம் எடுத்து வைத்தேன். பிறகு அந்தப் படம்தான் கை கொடுத்தது. செத்த வீட்டில் யார் வந்து காசு கேட்டாலும், முத்திரை குத்திய பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

மிச்சத்துக்கு எங்கே போவது? அப்பாவின் வங்கிக் கணக்கு அவர் இறந்தது தெரிந்ததும் முடங்கிவிட்டது. கனடாவில் இருக்கும் தம்பி, "அக்கா, அலைச்சல் வேண்டாம், நான் மாதா மாதம் அனுப்புகிறேன், கட்டிவிடு" என்றான். நானும் கிட்டத்தட்ட அந்த முடிவுக்கு வந்துவிட்டேன். அன்றிரவு அம்மா கழற்றி வைத்திருந்த தாலிக்கொடியை எடுத்து வந்து மேசையில் வைத்தார். "இனி எனக்கு எதற்குப் பிள்ளை, இதை அடகு வை" என்றார். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அந்தக் கொடியை எடுத்துத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தேன். அப்பா உண்மையில் எவ்வளவு கொடுக்க வேண்டியிருந்தது என்று தெரியாமல் இனி ஒரு ரூபாவும் கொடுப்பதில்லை என்று அப்போதுதான் முடிவெடுத்தேன்.

அந்தச் சட்டத்தரணியின் கந்தோருக்கு மூன்று முறை போனேன். முதல் முறை அவர் இல்லை. இரண்டாம் முறை இருந்தார், ஆனால் ஒன்றரை மணித்தியாலம் வாசல் வாங்கில் இருந்த பிறகு, இன்று பார்க்க முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்றாம் முறை அரைநாள் லீவு போட்டுப் போனேன். விவரமான பில் தாருங்கள் என்றேன். "உங்கள் அப்பா ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்லை" என்றார். வழக்கு பைலையாவது பார்க்கத் தாருங்கள் என்றேன். காசைக் கட்டினால் பைல் வரும் என்றார். படி இறங்கும்போது கால் நடுங்கியது.

அதன் பிறகு, பக்கத்து வீட்டு அன்ரி சொன்னதைக் கேட்டு, புதுக்கடையில் இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போனேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். அங்கே இருந்த இளம் சட்டத்தரணி தமிழில் பொறுமையாகச் சொன்ன நாலு விஷயங்கள் என் பயத்தில் பாதியைக் குறைத்துவிட்டன.

இறந்தவரின் கடன் அவருடைய முதுசத்திலிருந்துதான், அதாவது அவர் விட்டுப்போன சொத்திலிருந்துதான், தீர்க்கப்பட வேண்டும், பிள்ளைகளின் சொந்தக் காசிலிருந்து அல்ல. கட்சிக்காரர் இறந்ததும் அவர் கொடுத்த பிரொக்சி (தனக்காக ஆஜராகச் சட்டத்தரணிக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) முடிந்துவிடும், ஆகவே அதற்குப் பிறகு அவர் பெயரில் யாரும் ஆஜராகிக் காசு கேட்க முடியாது. சட்டத்தரணி தன் கட்டணத்துக்காக வழக்குப் போடுவதென்றால், முதலில் தானே கையெழுத்திட்ட பில்லை ஒப்படைத்து, ஒரு மாதம் போக வேண்டும் என்று குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையே சொல்கிறதாம். பில் கூடிப்போனது என்று தோன்றினால் நீதிமன்றப் பதிவாளரைக் கொண்டு அதைச் சரிபார்த்து நிர்ணயிக்கும்படி கேட்கவும் வழி இருக்கிறது.

எங்களுக்கு வந்த கடிதத்தை அங்கேயே விரித்துப் பார்த்தோம். அடியில் இருந்தது சட்டத்தரணியின் கையெழுத்தே இல்லை. அவருக்காக வேறு யாரோ போட்டிருந்தார்கள். அந்த 14 நாளை எண்ணி எண்ணி நான் தூங்காமல் கிடந்தது எல்லாம் வீண்.

அந்த இளம் சட்டத்தரணி சொன்ன இன்னொன்றுதான் எல்லாவற்றையும் மாற்றியது. பைல் சட்டத்தரணியிடம் இருக்கலாம், ஆனால் வழக்கேடு நீதிமன்றத்தில் இருக்கிறது. ஒவ்வொரு தவணையிலும் யார் ஆஜரானார், என்ன நடந்தது, அடுத்த தவணை எப்போது என்று எல்லாம் அதில் பதிவாகியிருக்கும்.

ஏட்டைத் தேடிப் போன முதல் பயணம் என் பிழையால் வீணானது. கடிதத்தில் இருந்த இலக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பங்கு வழக்கு இலக்கத்துக்குப் பின்னால் 'பி' என்ற எழுத்து வரும். அது இல்லாமல் தேடினால் வேறு வழக்குத்தான் வரும். அப்பாவின் பழைய தவணைத் துண்டு ஒன்றிலிருந்து முழு இலக்கத்தையும் எடுத்துக்கொண்டேன். மரணச் சான்றிதழ், என் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு, அப்பாவின் இடத்தில் என்னைச் சேர்ப்பதற்காகப் பிடித்த புதிய சட்டத்தரணியோடு அடுத்த முறை போனேன். அவருடைய கட்டணத்தை முதல் நாளே எழுத்தில் வாங்கிக்கொண்டேன். விண்ணப்பம் போட்டு, வழக்கேட்டில் இருக்கும் நாட்பதிவுகளின் பிரதி கைக்கு வரக் கொஞ்ச நாள் எடுத்தது.

கையெழுத்துச் சிங்களம் எனக்கு வாசிக்க வராது. நான் வேலை செய்யும் கந்தோரில் என் பக்கத்து மேசைத் தோழி இரண்டு மதியச் சாப்பாட்டு நேரம் இருந்து வாசித்துச் சொன்னாள். நான் ஒரு சிஆர் கொப்பியில் கோடு போட்டு, திகதி, யார் வந்தது, என்ன நடந்தது என்று எழுதினேன். அதே நேரம் வீட்டில் அம்மா, கட்டிலுக்குக் கீழே இருந்த மலிபன் பிஸ்கட் டின்னை இழுத்து எடுத்தார். அப்பா துறைமுகத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். ஒரு துண்டுக் கடதாசியைக்கூட எறிய மாட்டார். டின்னுக்குள் பற்றுச்சீட்டுகள், திகதி வாரியாக, ரப்பர் பாண்ட் போட்டு. கூடவே ஒரு டயரி. "தவணை. லோயருக்கு 15,000. பஸ் 60. பிளேன்டீ" என்று அவருடைய சாய்ந்த எழுத்து. அதைப் பார்த்து அம்மாவும் நானும் அழுதுவிட்டோம்.

பழைய பாக்கி என்று போட்டிருந்த 120,000-இல் 100,000-க்கு இரண்டு பற்றுச்சீட்டு டின்னில் இருந்தது. மிச்சம் 20,000. அடுத்தது தவணைகள். விவரம் கேட்டு நான் பதிவுத் தபாலில் எழுதிய கடிதத்துக்கு ஒருவழியாக 14 திகதிகளை அனுப்பியிருந்தார்கள். அதில் இரண்டு, அப்பா இறந்ததற்குப் பிறகு வந்தவை. இரண்டு திகதியில் வழக்கு கூப்பிடப்படவே இல்லை. நாலு தவணைக்கு அப்பா கையோடு காசு கொடுத்துப் பற்றுச்சீட்டும் வாங்கியிருந்தார். ஆக எட்டுத் தவணை, 120,000 ரூபா, கேட்டிருக்கவே கூடாத காசு.

வேண்டுமென்று செய்தார்களா, கணக்கு வைக்கத் தெரியாமல் செய்தார்களா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் இறந்த மனிதருக்காக ஆஜரானேன் என்று பில் எழுதியதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நாலாம் முறை அதே கந்தோருக்குப் போனேன். அட்டவணையும் நாட்பதிவுப் பிரதியும் பற்றுச்சீட்டுகளின் போட்டோ கொப்பியும் கொண்டுபோனேன். மூலப் பிரதி ஒன்றையும் வீட்டை விட்டு எடுக்கவில்லை, நீங்களும் எடுக்காதீர்கள். இந்த முறை காத்திருக்க வைக்கவில்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். நான் சத்தம் போடவில்லை. இது சரிவராவிட்டால் பதிவாளரிடம் பில்லைச் சரிபார்க்கக் கேட்பேன், சட்டத்தரணிகள் சங்கத்துக்கும் எழுதுவேன் என்று மட்டும் சொன்னேன்.

கடைசியில் ஒத்துக்கொண்ட கணக்கு இதுதான். உண்மையாக வேலை செய்த ஆறு தவணைக்கு 90,000. பழைய பாக்கி 20,000. ஆவணச் செலவில் ஆதாரம் காட்டிய 25,000. மொத்தம் 135,000. அம்மா கொடுத்த 50,000-க்குத் தங்களிடம் பதிவு இல்லை என்றார்கள். போனில் இருந்த துண்டின் படத்தைக் காட்டினேன். அதையும் கழித்து 85,000. முதுசத்துக் கணக்கில் சேர்க்க வேண்டிய செலவு என்பதால், தம்பியிடம் வாங்கிக் காசோலையாகக் கொடுத்து, முழுத் தொகையும் தீர்ந்தது என்று கையெழுத்தோடு வாங்கினேன். பைலும் வந்தது.

அப்பா, மற்றவர் செய்த வேலைக்குக் காசு கொடுக்காமல் போகிறவர் அல்ல. அந்த 135,000-ஐ அவர் இருந்திருந்தால் தானே கொடுத்திருப்பார். அதனால் அதைக் கொடுத்ததில் எனக்கு மனக்குறை இல்லை.

போன மாதத் தவணையில் அப்பாவின் இடத்தில் என் பெயர் ஏறியது. பங்கு வழக்கில் ஒரு கட்சிக்காரர் இறந்தால் அவர் இடத்துக்கு யார் வருவது என்று முன்கூட்டியே பெயர் கொடுத்து வைக்க வேண்டும் என்று புதிய சட்டத்தரணி சொன்னார். அப்பா அதைக் கொடுத்திருந்தால் எங்கள் அலைச்சலில் ஒரு பங்கு குறைந்திருக்கும். நான் மகளின் பெயரைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் அவளைக் கூப்பிட்டு, டின் எங்கே இருக்கிறது, எது எந்தக் கட்டுக்குள் இருக்கிறது என்று காட்டினேன்.