சரியான பாஸ்வேர்டு, ஆனாலும் சர்வர் உள்ளே விடவில்லை

நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து பழைய நூல்களின் ஸ்கேன் பக்கங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம். அந்தப் பக்கங்கள் உபுண்டு 22.04 (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) ஓடும் என் சர்வரில் ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன. மெய்ப்பு முடியும்வரை வெளியாட்கள் பார்க்க வேண்டாமே என்று பக்கங்களைப் பரிமாறும் அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருளில், பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு உள்ளே விடும் பேசிக் ஆத்தென்டிகேஷன் போட உட்கார்ந்தேன். பத்து நிமிட வேலை என்று நினைத்தது, ராத்திரி ஒரு மணி ஆகிவிட்டது.

முதலில் பாஸ்வேர்டே கேட்கவில்லை. அந்த ஃபோல்டருக்கான விதிகளை அப்பாச்சிக்குச் சொல்லும் எச்டிஆக்சஸ் கோப்பில் எழுதியதெல்லாம் சரி, ஆனால் பக்கம் நேராகத் திறந்துகொண்டது. அந்தக் கோப்பின் முதல் வரியில் வேண்டுமென்றே அர்த்தமில்லாத நாலு எழுத்தைத் தட்டிச் சேமித்துப் பார்த்தேன். அப்பாச்சி அதைப் படித்திருந்தால் 500 பிழை (சர்வருக்குள் ஏதோ கோளாறு என்று பொருள்) வந்தே தீரும். வரவில்லை, அப்படியென்றால் கோப்பைத் தொடவே இல்லை. மெயின் கான்ஃபிக் கோப்பில் 'அலோ ஓவர்ரைடு நன்', அதாவது எச்டிஆக்சஸ் கோப்புகளைக் கண்டுகொள்ளாதே என்று இருந்தது, உபுண்டுவில் அது இயல்பாகவே அப்படித்தான் வரும். என் ஃபோல்டருக்கு மட்டும் அதை, பாஸ்வேர்டு தொடர்பான விதிகளை ஏற்கும் 'ஆத் கான்ஃபிக்' என்று மாற்றி, தட்டிய குப்பையை அழித்து, ரீலோடு செய்ததும் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி வந்தது.

சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தால் 500! இங்கேதான் அதிக நேரம் போனது. அப்பாச்சி பிழைகளைக் குறித்துவைக்கும் எரர் லாகில் ஏஎச்01620 என்ற எண்ணோடு, பாஸ்வேர்டு கோப்பைத் திறக்க முடியவில்லை, அனுமதி இல்லை என்று இருந்தது. கோப்பின் அனுமதி 644, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பிறகு என்ன அனுமதி இல்லை என்று அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோளாறு கோப்பில் இல்லை, அதற்கு மேலே. கோப்பை என் ஹோம் டைரக்டரியில், அதாவது சர்வரில் என் சொந்த ஃபோல்டரில் வைத்திருந்தேன். உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் டைரக்டரிகள் 750 அனுமதியோடுதான் (உரிமையாளரும் அவர் குரூப்பும் தவிர யாரும் நுழைய முடியாது) உருவாகின்றன, அதனால் அப்பாச்சி இயங்கும் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' என்ற பயனர் அந்த வாசலையே தாண்ட முடியாது. 'நேம்ஐ மைனஸ் எல்' என்று ஒரு கட்டளை இருக்கிறது, முழுப் பாதையைக் கொடுத்தால் ஒவ்வொரு படியின் அனுமதியையும் வரிசையாகக் காட்டிவிடும். இப்படி மாட்டிக்கொண்டால் முதலில் அதை ஓட்டுங்கள். சிலர் ஹோமையே எல்லாரும் நுழையும்படி 755 ஆக்கிவிடச் சொல்வார்கள், அது எனக்குச் சரியாகப் படவில்லை. கோப்பை அப்பாச்சியின் கான்ஃபிக் டைரக்டரிக்கு நகர்த்தி, உரிமையாளர் ரூட் (சர்வரின் நிர்வாகி), குரூப் அப்பாச்சியின் பயனருடையது, அனுமதி 640 (குரூப் படிக்கலாம், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை) என்று வைத்தேன்.

அப்புறம் பார்த்தால் கடைசியாகச் சேர்த்த நண்பர் மட்டும் உள்ளே போகிறார், என்னையும் மற்ற இருவரையும் பெட்டி மறுபடி மறுபடி கேட்கிறது. லாகில் இப்போது ஏஎச்01618, அப்படி ஒரு பயனரே இல்லையாம். கோப்பைத் திறந்தேன், ஒரே ஒரு வரி. பயனரைச் சேர்க்கும் 'எச்டிபாஸ்வேர்டு' கட்டளையில் 'மைனஸ் சி' கொடுத்தால் கோப்பைப் புதிதாக உருவாக்கும், பழையது இருந்தால் ஒரு வார்த்தை கேட்காமல் அழித்துவிட்டு. நான் நாலு முறையும் அதைக் கொடுத்திருக்கிறேன். அது முதல் ஆளுக்கு மட்டும்தான்.

மூவரையும் மறுபடி சேர்த்தும் ஒருவருக்கு மட்டும் வேலை செய்யவில்லை. இந்தமுறை ஏஎச்01617, அதாவது பெயர் சரி, பாஸ்வேர்டு தவறு. அதே கட்டளையில் 'மைனஸ் வி' கொடுத்து பாஸ்வேர்டைச் சரிபார்த்தேன், கோப்பில் இருப்பது சரிதான். வாட்ஸப்பிலிருந்து நகலெடுத்தபோது அவருக்குக் கடைசியில் ஒரு இடைவெளியும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பெயர் இல்லையென்றாலும் பாஸ்வேர்டு தப்பென்றாலும் பிரவுசரில் அதே பெட்டிதான், எந்தப் பெயர் இருக்கிறது என்று வெளியாள் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக. வித்தியாசம் லாகில் மட்டுமே தெரியும்.

சோதிக்கும்போது பிரவுசரை நம்ப வேண்டாம், ஒருமுறை ஏற்றுக்கொண்ட பாஸ்வேர்டை மூடும்வரை நினைவில் வைத்துக்கொள்ளும். நான் பிரவுசர் இல்லாமலே பக்கத்தைக் கேட்கும் கர்ல் கட்டளையில் 'மைனஸ் யூ' என்று பெயரும் பாஸ்வேர்டும் போட்டு, 401 (உள்ளே விடவில்லை) வருகிறதா 200 (பக்கம் கிடைத்தது) வருகிறதா என்று மட்டும் பார்த்தேன்.

இன்னொன்று, இந்த முறையில் பாஸ்வேர்டு பேஸ்64 வடிவில் போகிறது, அது குறியாக்கமே இல்லை, நடுவில் பார்ப்பவர் நொடியில் பிரித்துவிடலாம். அதனால் லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ் போட்டு, போய்வருவதைக் குறியாக்கும் எச்டிடிபிஎஸ் ஆக்கினேன், அதுவரை எச்டிடிபியில் போய்வந்த நாலு பாஸ்வேர்டுகளையும் மாற்றிப் புதிதாகக் கொடுத்தேன்.